தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் நாடு

விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டால், "வாங்க, வாங்க" என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "ராத்திரி தங்குவதற்கு ஆளுக்கு இவ்வளவு. முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு உள்ளே வாருங்கள்" என்று சொல்லுகிற வீடு எங்காவது உண்டா?

வீடு உண்டோ இல்லையோ, அப்படி ஒரு நாடு உண்டு. அதன் பெயர் பூட்டான்.

இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே இமயமலைச் சரிவில் இருக்கிறது அந்த நாடு. பரப்பு 38,394 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜனத்தொகை எட்டு லட்சம்கூட இல்லை. மதுரை நகரத்து ஜனங்கள் அதைவிட அதிகம். அந்தச் சின்ன நாட்டுக்குள் அமெரிக்காக்காரரோ ஜப்பான்காரரோ போக வேண்டுமானால், தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் தலைக்கு 100 டாலர் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். ஓட்டல் வாடகை இதில் சேராது. சாப்பாடு சேராது. கார் வாடகையும் சேராது. அந்த மண்ணில் இருப்பதற்கு மட்டுமே இந்தப் பணம்.

மற்ற நாடுகள் எல்லாம் உல்லாசப் பிரயாணிகளைக் கூவிக் கூவி அழைக்கின்றன. பூட்டான் மட்டும் ஏன் இப்படி?

ஆறு நாள் பயணம், ஆறு மணி நேரமாயிற்று

1958-ஆம் வருஷம் நேருஜி பூட்டானுக்குப் போனார். மகள் இந்திராவும் உடன் போனார். இந்தியப் பிரதம மந்திரிதான். ஆனாலும் மோட்டாரில் போக முடியவில்லை. பூட்டானில் மோட்டார் சாலையே அப்போது கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கில் இறங்கி, குதிரையின் மேலும் யாக் என்னும் சடை எருமையின் மேலும் ஏறிப் பல நாள் பிரயாணம் செய்துதான் பாரோ என்ற ஊரை அடைந்தார்.

அடுத்த வருஷமே திபெத்தில் கலவரம். பூட்டான் அந்தப் பக்கத்துக் கதவை மூடிக்கொண்டு, இந்தியாவின் பக்கம் திரும்பியது. இந்திய உதவியுடன் எல்லையிலிருக்கும் புன்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகரான திம்புவுக்குச் சாலை போட்டார்கள். 1962-இல் அது முடிந்தது. அதற்கு முன் கோவேறு கழுதையுடன் ஆறு நாள் போக வேண்டிய தூரம், மோட்டாரில் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது.

சாலை வந்தது. ஆனால் வெளிநாட்டார் நினைத்தபோது அதில் போக முடியாது. ராஜ குடும்பத்தின் அழைப்போ, சர்க்காரின் அழைப்போ வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் போக வழியில்லை.

தபால் தலை வியாபாரம்

அந்நியச் செலாவணி இல்லாமல் ஒரு நாடு எப்படி நடக்கும்? பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரி கட்ட வேண்டும். பூட்டானுக்கு ஒரு வேடிக்கையான வழி கிடைத்தது. ஆட்களை உள்ளே விடாமல், தபால் தலைகளை வெளியே அனுப்பிப் பணம் சம்பாதித்தார்கள்!

பர்ட் டாட் என்ற அமெரிக்க வியாபாரியின் யோசனை அது. 1962-இல் பூட்டான் தன் முதல் தபால் தலைகளை வெளியிட்டது. பிறகு வந்தவை ஒன்றைவிட ஒன்று அதிசயம். எஃகுத் தகட்டில் ஒரு தபால் தலை. மோந்து பார்த்தால் ரோஜா மணக்கும் தபால் தலை. அசைத்துப் பார்த்தால் உருவம் தூக்கி நிற்கும் தபால் தலை. 1970-களின் தொடக்கத்தில் வந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம். அது கிராமபோன் தட்டு! முள்ளை வைத்தால் பூட்டானின் தேசிய கீதம் பாடும். உலகமெங்கும் தபால் தலை சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பூட்டானைக் கண்ணால் பார்த்திராதவர்கள் பூட்டானுக்குப் பணம் அனுப்பினார்கள்.

முடிசூட்டு விழாவுக்குக் கட்டிய ஓட்டல்கள்

1972-இல் ராஜா காலமானார். மகன் ஜிக்மே சிங்யே வாங்சுக் பட்டத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறுதான். முடிசூட்டு விழா 1974 ஜூன் 2-ஆம் தேதி நடந்தது. பூட்டான் ஐ. நா. சபையில் சேர்ந்து மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. பல தேசத்துப் பிரதிநிதிகள் விழாவுக்கு வந்தார்கள். அவர்களை எங்கே தங்க வைப்பது? திம்புவிலும் பாரோவிலும் புதிதாக விடுதிகள் கட்டினார்கள்.

விழா முடிந்தது. விருந்தாளிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டிடங்கள் காலியாக நின்றன. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை மறுநாள் பிரித்துவிடலாம், கட்டிடத்தை என்ன செய்வது? அவற்றையே ஓட்டல்களாக்கி வெளிநாட்டாரை வரவழைத்தால் என்ன என்று சர்க்கார் யோசித்தது.

அப்போது பக்கத்திலிருந்த நேபாளம் அவர்கள் கண்முன் நின்றது. 1960-களில் மேல்நாட்டு ஹிப்பிகள் காத்மாண்டுவில் வந்து குவிந்தார்கள். நீண்ட தலைமுடி, கையில் கஞ்சா, பையில் சில்லறை. கூட்டத்துக்குக் குறைவில்லை, வரும்படிக்குத்தான் குறைவு. ஊர்ப் பிள்ளைகளும் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை வேறு. பூட்டான் வேறு வழியைப் பிடித்தது. கொஞ்சம் பேர் வரட்டும். வருகிறவர்கள் நிறையக் கொடுக்கட்டும்.

லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்ற பிரயாண ஏற்பாட்டாளர் 1974-இல் முதல் கோஷ்டியை அழைத்து வந்தார். கட்டணம் நாளொன்றுக்கு 130 டாலர். அன்றைய கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல்! அந்த வருஷம் முழுவதும் வந்தவர்கள் 287 பேர். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்கூட இல்லை.

பணம் முன்னால், விசா பின்னால்

இந்த ஏற்பாட்டை வெறும் டிக்கெட் விற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் சர்க்கார் கம்பெனி ஒன்றே எல்லாவற்றையும் நடத்தியது. 1991-இல் அது தனியார் கைக்குப் போயிற்று. பல ஏஜென்ஸிகள் முளைத்தன. ஆனால் கயிற்றின் நுனி சர்க்கார் கையிலேயே இருந்தது. எப்படி என்றால், பிரயாணி தன் நாட்டிலிருந்து முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அது சர்க்காரின் கணக்கில் வந்து விழுந்த பிறகுதான் விசா. ஏஜெண்டுக்கு அவருடைய பங்கு, பிரயாணம் முடிந்த பிறகு.

பின்னாளில் இந்தக் கட்டணம் சீசன் காலத்தில் நாளுக்கு 250 டாலர் வரை உயர்ந்தது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கார், வழிகாட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். அதிலிருந்து 65 டாலரைச் சர்க்கார் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பூட்டானில் ஜனங்களுக்குப் பள்ளிப் படிப்பும் வைத்தியமும் இலவசம். அந்தச் செலவில் ஒரு பங்கு இந்த 65 டாலரிலிருந்து போயிற்று. ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்த பணக்காரர் மலையைப் பார்த்து மகிழ்ந்த நாளில், மலையடியில் ஒரு குழந்தைக்கு அம்மை ஊசி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி என்றால் யார் வேண்டுமானாலும் ஆகிவிட முடியாது. பயிற்சி வேண்டும், லைசென்ஸ் வேண்டும். முழங்கால் வரை தொங்கும் 'கோ' என்ற தேசிய உடையை அணிந்துதான் வேலை செய்ய வேண்டும். 250 டாலர் கட்டியவர் தனியாகத் திரிய முடியாது. வழிகாட்டி கூடவே வருவார்.

திட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. சில ஏஜெண்டுகள் கணக்கில் முழுத் தொகையைக் காட்டிவிட்டு, மறைவில் பிரயாணிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். விலையைச் சட்டம் கட்டிப்போட்ட இடத்தில் இது நடப்பது சகஜந்தான்.

மலைக்கும் பூட்டு

கூட்டம் மெள்ள மெள்ளப் பெருகியது. 1992-இல் 2,850 பேர். 1999-இல் 7,158 பேர். அந்த 1999-இல்தான் பூட்டானுக்கு டெலிவிஷனும் இன்டர்நெட்டும் வந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன் அந்த நாட்டுக் குழந்தைகள் வெளி உலகத்தைப் பார்த்தது பெரும்பாலும் இந்த விருந்தாளிகள் மூலமாகத்தான். மடாலயங்களில் பிட்சுக்கள் பூஜை செய்யும்போது காமிராக்கள் 'கிளிக், கிளிக்' என்று மின்னின. 1980-களின் இறுதியில் சர்க்கார் பல கோவில்களுக்குள் பிரயாணிகள் நுழைவதை நிறுத்தியது.

அடுத்தபடி மலைக்கே பூட்டுப் போட்டார்கள். 1983-இல் வெளிநாட்டு வீரர்களுக்கு மலையேற அனுமதி தரப்பட்டது. ஆனால் பனி மூடிய சிகரங்களில் தெய்வங்கள் குடியிருக்கின்றன, அங்கே மனிதன் கால் பட்டால் தெய்வம் கோபிக்கும் என்பது அங்குள்ள கிராம ஜனங்களின் நம்பிக்கை. 1994-இல், 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறக் கூடாது என்று தடை வந்தது. 2003-இல் மலையேற்றமே அடியோடு நின்றது.

கங்கார் புவென்சும் என்று ஒரு சிகரம். உயரம் 7,570 மீட்டர். சுமார் 24,800 அடி. 1980-களில் சில கோஷ்டிகள் முயன்று தோற்றுத் திரும்பின. இதுவரை மனிதன் ஏறாத சிகரங்களில் உலகத்திலேயே உயரமானது அதுதான். பக்கத்து நேபாளம் எவரெஸ்ட் ஏற ஆளுக்கு 11,000 டாலர் வாங்கி, 2025-இல் அதை 15,000 ஆக்கியது. பூட்டான் நினைத்திருந்தால் கங்கார் புவென்சும்முக்கு அதைவிட அதிகமாகவே கேட்டிருக்கலாம். பணத்துக்காக மட்டுமே இந்தச் சட்டதிட்டங்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த மலையே பதில் சொல்கிறது.

அண்ணன் வீட்டு விருந்தாளிகள்

இதுவரை சொன்னதெல்லாம் டாலர்க்காரர்களின் கதை. இந்தியர்களின் கதை வேறு.

சாலை போட்டுக் கொடுத்தது இந்தியா. பூட்டானின் ஆற்று மின்சாரத்தை வாங்குவதும் இந்தியா. ஆகவே இந்தியர்களுக்கு விசாவும் இல்லை, கட்டணமும் இல்லை. வங்காள தேசத்தாருக்கும் மாலத் தீவாருக்கும் அப்படியே. புன்ட்ஷோலிங் எல்லையில் அடையாளச் சீட்டைக் காட்டி அனுமதி வாங்கினால் போதும். தம்பி வீட்டுக்கு அண்ணன் போவதுபோலப் போகலாம்.

வெகு காலம் இதனால் தொல்லை இல்லை. பிறகு இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் கையில் பணம் புரள ஆரம்பித்தது. வங்காளத்தில் பூஜை விடுமுறை வந்தால், கோடை விடுமுறை வந்தால், கார் கார்களாகப் புறப்பட்டார்கள். 2019-இல் பூட்டானுக்கு வந்த பிரயாணிகள் 3,15,000-க்கு மேல். அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல், ஒரு பைசா கட்டணம் கட்டாத அண்டை நாட்டார். கொஞ்சம் பேர் போதும் என்று 45 வருஷமாகச் சொல்லி வந்த நாட்டில், ஜனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு விருந்தாளிகள்!

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு சம்பவம். திம்புவிலிருந்து புனாக்கா போகும் வழியில் டோச்சுலா என்று ஒரு கணவாய். அங்கே 108 ஸ்தூபிகள் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போன ஒருவர், ஏணி வைத்து ஒரு ஸ்தூபியின் மேல் ஏறி நின்றார். அந்தப் படம் பூட்டான் முழுவதும் பரவியது. போலீசார் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவர் செய்த அசட்டுத்தனத்துக்காக எல்லாரையும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் நம் கோபுரத்துக் கலசத்தின் மேல் ஒரு வெளியூர்க்காரர் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டால் நாம் எப்படிப் பதறுவோம்? அவர்களும் அப்படித்தான் பதறினார்கள்.

2020-இன் தொடக்கத்தில் பூட்டான் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. இனி இந்தியர்களும் தலைக்கு ஒரு நாளுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும். ஜூலையிலிருந்து அமல் என்றார்கள்.

இரண்டரை வருஷ இருட்டு

ஜூலை வருவதற்குள் கொரோனா வந்துவிட்டது. மார்ச்சில் பூட்டானில் முதன்முதலில் நோய் கண்டது ஒரு வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிக்குத்தான். அந்த மாதமே எல்லைக் கதவு மூடப்பட்டது. அது மறுபடி திறந்தது 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி.

நடுவில் இரண்டரை வருஷம். விருந்தாளியை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? வழிகாட்டிகள் ஊருக்குத் திரும்பி வயலில் இறங்கினார்கள். பாங்கியில் கடன் வாங்கி ஓட்டல் கட்டியவர்களுக்கு வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. வேலை இழந்தவர்களுக்கு ராஜாவின் நிவாரணத் திட்டத்திலிருந்து மாதந்தோறும் பணம் வந்தது. அதனால் அடுப்பு எரிந்தது. ஆனால் பட்டினி கிடக்கவில்லை என்பது வேறு, தொழில் நடக்கிறது என்பது வேறு.

கதவு திறந்த நாளில் எல்லாரும் எதிர்பார்த்தது கூட்டத்தை. சர்க்கார் கொண்டு வந்ததோ புதிய கட்டணத்தை! பழைய 250 டாலர் ஏற்பாடு போயிற்று. அறை, சாப்பாடு எல்லாம் பிரயாணியின் சொந்தப் பொறுப்பு. சர்க்காருக்கு மட்டும் ராத்திரிக்கு 200 டாலர். அதாவது 65 டாலராக இருந்தது ஒரே தாவலில் 200 ஆகிவிட்டது. இந்தியர்களின் 1,200 ரூபாயும் அன்றே அமலுக்கு வந்தது. இந்திய மோட்டார் கார் உள்ளே போக நாளுக்கு 4,500 ரூபாய் என்றும் வைத்தார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லா நாடுகளும் கதவைத் திறந்து தள்ளுபடி கொடுத்த நேரம் அது. பூட்டான் மட்டும் மூன்று மடங்கு கேட்டது. அதன் கணக்கு என்ன? காட்டைக் காக்கப் பணம் வேண்டும். 2008-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே, நாட்டில் நூற்றுக்கு அறுபது பங்கு நிலம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். காட்டை வெட்டி விற்கவும் மாட்டோம், மலையை வாடகைக்கு விடவும் மாட்டோம் என்றால், வருகிறவர்தான் கொடுக்க வேண்டும். கணக்கு சரியானதுதான். ஆனால் வருகிறவர் வர வேண்டுமே!

நம் ஆடித் தள்ளுபடி அங்கேயும்

வரவில்லை. டாலர்க்காரர்கள் விலையைக் கேட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். ஓட்டல் அறைகள் பூட்டிக் கிடந்தன. வாலிபர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்த வழிகாட்டிகளும் ஓட்டல் சிப்பந்திகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விருந்தாளி வராத குறை போய், விருந்தாளி வந்தால் பரிமாற ஆள் இல்லாத குறையும் சேர்ந்துகொண்டது.

2023 ஜூனில் சர்க்கார் இறங்கி வந்தது. நாலு நாளுக்குக் கட்டினால் இன்னும் நாலு நாள் இலவசம். பன்னிரண்டு நாளுக்குக் கட்டினால் மாதம் முழுவதும் இருக்கலாம். நம் ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அதுவும் போதவில்லை. செப்டம்பரில் 200 டாலரை 100 டாலராகவே குறைத்துவிட்டார்கள். இந்தச் சலுகைக்கு 2027 ஆகஸ்டு 31 வரை கெடு.

2023-இல் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். 2024-இல் சுமார் 1,45,000. 2019-இல் வந்ததில் பாதிகூட இல்லை. காட்டுக்கு இது நல்லது. கடன் வாங்கி ஓட்டல் கட்டியவருக்கு?

விருந்தாளிகளுக்கு எல்லை கட்டுகிற பேச்சு இப்போது நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மறு வருஷம் கோடையில் ஊட்டிக்கு ஒரு நாளில் இத்தனை வண்டிகள்தான் என்று கணக்கும் வைத்தார்கள். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். திம்பு ஓட்டல்காரரும் ஊட்டிக் கடைக்காரரும் சந்தித்தால் பேசிக்கொள்ள நிறைய விஷயம் இருக்கும்.

ஒரு குடும்பக் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் பூட்டான் போவதாக வைத்துக்கொள்வோம். புருஷன், மனைவி, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். ஐந்து ராத்திரி தங்குகிறார்கள்.

பெரியவர் இருவருக்கு ராத்திரிக்கு 1,200 வீதம் 12,000 ரூபாய். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பாதிக் கட்டணம். ஆகவே பெண்ணுக்கு 3,000. ஐந்து வயது வரை கட்டணம் இல்லை. பையன் சும்மா வரலாம். ஆக மொத்தம் 15,000 ரூபாய். ரயில், ஓட்டல், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். பணம் மாற்றும் தொல்லை அதிகம் இல்லை. பூட்டானின் நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு.

பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் அட்டை செல்லாது. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ரயிலில் நியூ ஜல்பைகுரி வரை போய், அங்கிருந்து ஜெய்காவோன் போனால், எதிரே ஒரு வாசல் தெரியும். வாசலுக்கு அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங்.

உள்ளே போனவர்கள் பார்க்காமல் திரும்பாத இடம் பாரோவிலுள்ள தக்சாங் மடாலயம். பத்மசம்பவர் என்ற குரு பெண்புலியின் மேல் ஏறிப் பறந்து வந்து அங்கே தவம் செய்தார் என்பது ஐதீகம். 1692-இல் கட்ட ஆரம்பித்த மடம், 1998-இல் தீப்பிடித்து எரிந்தது. பழைய மாதிரியிலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். செங்குத்தான பாறையில், பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், தேன் கூடு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல நிற்கிறது. வாகனம் எதுவும் அதன் வாசல் வரை போகாது. மூச்சு வாங்க ஏறித்தான் ஆக வேண்டும்.

மேலே வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தொப்பியை எடுக்க வேண்டும். அதோடு, காமிராவையும் செல்போனையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டாலர் கட்டி வந்தவரும் அங்கே வெறுங்கையோடு நிற்கிறார், ரூபாய் கட்டி வந்தவரும் வெறுங்கையோடு நிற்கிறார். உள்ளே நெய் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.